அடித்த நம்பர்

ரயில் நின்று ஒன்பது நாளாகிவிட்டது. மழை நின்றே ஐந்து நாள். ஆனால் மழை செய்துவிட்டுப் போன காரியம் அப்படியே நின்றது. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கரையை வெள்ளம் அரித்துத் தின்றுவிட்டது. துணி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்குகிற படம் எல்லாருடைய போனிலும் வந்தது. ஐயோ என்று பார்த்தவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். காலர் அக்காவால் மட்டும் போக முடியவில்லை. அந்தத் தண்டவாளத்தின் மறு முனையில் அவளுடைய தாய்மாமா இருந்தார்.

காலர் அக்கா என்பது தையல் கூடத்தில் அவளுக்கு விழுந்த பேர். இருபத்தாறு வருஷமாகச் சட்டைக் காலர் மட்டும் தைக்கிறாள். பக்கத்து மெஷினில் பொத்தான் துளை போடுகிறவள் காஜா. மேற்பார்வை பார்க்கிறவர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அலைவதால் விசில். அங்கே பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் இந்த நகரத்துக்கு வருவார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் பதிந்தால் உண்டு. தவறினால் அடுத்த வரவுக்குக் காத்திருக்க வேண்டும். "அந்தக் கண்ணு அவ்வளவு நாள் காத்திருக்காதும்மா" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ரயில் ஓடியிருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. மாலையில் ஏற்றிவிட்டால் விடிகாலையில் இறங்குவார். ரயில் என்றால் மாமாவுக்குப் பிறந்த வீடு மாதிரி. முப்பத்தொரு வருஷம் ஒரே லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்தவர். பஸ் என்பது அவரைப் பொறுத்தவரை தன் கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்கிற ஜாதி.

"பஸ்ஸா? அதுல ஏறினா எப்போ போய்ச் சேரும்னு அதுக்கே தெரியாதே பாப்பா" என்றார் போனில். காலர் அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பா.

"வேற வழி இல்ல மாமா."

"தண்டவாளத்தைச் சரி பண்ணிடுவாங்க. ராத்திரி பகலா வேலை நடக்கும். எனக்குத் தெரியாதா?"

"பண்ணுவாங்க மாமா. வியாழக்கிழமைக்குள்ள பண்ண மாட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சம்மதம் வாங்கியது பாதி வேலைகூட இல்லை. நேர் பஸ் கிடையாது. மூன்று பஸ் மாற வேண்டும். முதல் பஸ் பாலத்து ஸ்டாண்டு வரைக்கும். அங்கிருந்து சுற்றுவழியாக மலையடி ஸ்டாண்டு. அங்கே ஏறினால் நகரம். போய்க் கூட்டி வரலாம் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். விசில் மூன்று நாள் கெஞ்சலுக்குப் பிறகு வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் லீவு கொடுத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கிற தம்பியைக் கேட்டாள்.

"அக்கா, ஒரு ஆப் இருக்கு. லிங்க் அனுப்பறேன். எல்லா பஸ்ஸும் அதுல வந்துடும்."

"ஆப் வந்து மாமா கையைப் புடிச்சு ஏத்திவிடுமாடா?"

"அது... நீ பாத்துக்குவேக்கா. உனக்குத் தெரியாததா?"

பாருங்கள், உலகத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே எத்தனை அக்காமார்களை நாம் களைக்க வைத்துவிட்டோம்!

வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, சமையலறை மேடை ஓரமாக நின்றபடியே மூன்று சாயங்காலம் போன் பேசினாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயம். மூன்று பஸ் ஸ்டாண்டுகளின் நம்பரையும் தேடிப் பிடித்தாள். ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றை எடுத்தவன் பேக்கரி என்றான். கடைசியில் பாலத்து ஸ்டாண்டில் மைக்கில் பஸ் அறிவிக்கிற அம்மாள் ஒருத்தி எடுத்தாள். தொண்டை கட்டிய குரல். ஒன்பது நாளாக ரயில் கூட்டம் முழுக்க அவள் ஸ்டாண்டில்தான் கொட்டிக் கிடக்கிறதாம்.

"கண்ணு தெரியாத பெரியவரா? சரி, என் ஜன்னலுக்கு நேரா ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உக்காத்தி வைக்கச் சொல்லுங்க. பதினோரு மணி வண்டில நானே ஏத்திவிடறேன். நான்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அது நல்ல கேள்வி. மாமாவுக்கு ஆள் முகம் நிழலாகத்தான் தெரியும். பஸ்ஸின் போர்டு தெரியாது. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் யார் பின்னால் போவார்? மறுநாள் டீ பிரேக்கில் இதைக் காஜாவிடம் சொல்லி மாய்ந்து போனாள்.

காஜா டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ஏன்க்கா, நம்ம லைன்ல ஒரு பண்டில் எத்தனை கை மாறுது? வெட்டுற இடத்துல கட்டினா அயர்ன் போடுற வரைக்கும் முப்பது கை. தொலையுதா? ஏன் தொலையல? அதுக்கு ஒரு நம்பர் கட்டியிருக்கோம். மாமாவையும் பண்டிலாக் கட்டி அனுப்புங்க."

சிரித்தாலும் விஷயம் பிடித்துவிட்டது. தையல் கூடத்தில் அப்படித்தான். இருபது துண்டு ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டில் ஒரு நம்பர். முதல் கையிலிருந்து கடைசிக் கை வரைக்கும் அதே நம்பர்தான். நம்பர் மாறினால்தான் வம்பு. அவள் அப்போது மடியில் வைத்திருந்த கட்டு நாற்பத்தேழு.

ஆக நாற்பத்தேழு என்று முடிவாயிற்று. மாமாவின் தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கும், அவர் மூலமாக முதல் பஸ் கண்டக்டருக்கும், மைக் அம்மாளுக்கும், அவள் மூலமாகப் பதினோரு மணி வண்டி கண்டக்டருக்கும், அவர் மூலமாக மலையடி ஸ்டாண்டுக்கும் ஒரே சொல் போயிற்று: பெரியவர் காதில் நாற்பத்தேழு என்று சொல்லுங்கள்.

மாமாவிடமும் சொன்னாள். "நம்பர் சொல்றவங்ககூட மட்டும் போங்க மாமா. சொல்லாதவங்க ராஜாவே ஆனாலும் நகராதீங்க."

இத்தனை நாளில் முதல்முறையாக மாமாவின் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. "இது வேலை! இப்பதான் நீ என் வீட்டுப் பொண்ணு. நம்பர் இருந்தா நான் எங்கே வேணாலும் வருவேன்" என்றார். தன் வேலை முடிந்தது என்று, காலர் அளவுக்கு வைத்து வெட்டுகிற காலர் அட்டை ஒன்றின் பின்பக்கம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

புதன்கிழமை காலை ஆறேகாலுக்கு மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டார். "ஏத்தியாச்சும்மா. கண்டக்டர் நாப்பத்தேழுன்னு சத்தமா சொன்னான். உங்க மாமா சல்யூட் அடிக்காத குறைதான்."

தையல் கூட வாசலில் மரத்தால் செய்த ஒரு அடுக்கு உண்டு. புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறை. உள்ளே போகும்போது போனை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டீ பிரேக்குக்குப் பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வராமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்துக்கொண்டு, நான்கு நாளில் முதல்முறையாக டீயைச் சூடாகக் குடித்தாள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. போனை எடுத்தாள். தவறிய அழைப்புகள் பதினொன்று. எல்லாம் பாலத்து ஸ்டாண்டு.

டிபன் டப்பாவைக் காஜாவின் கையில் திணித்துவிட்டு, வாசல் ஓரம் நூல் கண்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டாள்.

"நீங்கதானா அந்த காலர் அக்கா?" மைக் அம்மாளின் தொண்டை முன்பைவிட மோசமாகியிருந்தது. "உங்க மாமா மனுஷரா, பூட்டா? சாவி எங்கிட்ட இல்லையேம்மா!"

"என்னாச்சுங்க?"

"நீங்க சொன்ன மாதிரியே குனிஞ்சு காதுல 'நாப்பத்தேழு'ன்னேன். 'அது அடிச்ச நம்பரும்மா'ன்னாரு. நான் யாரை அடிச்சேன்? மறுபடி சொன்னேன். தலையை ஆட்டிட்டாரு. பதினோரு மணி வண்டி கண்டக்டர் வந்து தோளைத் தொட்டு, 'ஏறுங்க பெரியவரே, நாப்பத்தேழு, நாப்பத்தேழு'ன்னு கெஞ்சறாரு. உங்க மாமா தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. வண்டில இருந்தவங்க எல்லாம் கத்தறாங்க. எவ்வளவு நேரம் நிக்கும்? போயிடுச்சு."

காலர் அக்காவுக்குப் பைக்குள் இருந்த அட்டை நினைவுக்கு வந்தது. அட்டையில் எழுதியிருந்ததெல்லாம் அந்தப் பதினோரு மணி வண்டியை நம்பி எழுதியது.

"அவர்கிட்ட போனைக் கொடுங்க."

"யாரு?" என்றது மாமாவின் குரல்.

"நான்தான் மாமா. என்ன காரியம் பண்ணிட்டீங்க? வண்டி போயிடுச்சு! நாளைக்கு எட்டு மணிக்குள்ள வரலேன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? நாலு நாளா நான் தூங்கல. கண்டவங்க காலையும் போன்லயே புடிச்சு..." அலமாரியில் நூல் கண்டுகள் நிறம் நிறமாகக் கலங்கின.

மாமா அவள் முடிக்கும் வரை காத்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், ஒரு வண்டி போகும்போது குறுக்கே பேச மாட்டார்.

"பாப்பா, காலையில அந்தக் கண்டக்டர் பையன் நாப்பத்தேழுன்னு கத்தினான். மெதுவாச் சொல்லத் தெரியல அவனுக்கு. பஸ்ஸுல அம்பது பேர் கேட்டாங்க. நான் அப்பவே மனசுல அடிச்சுட்டேன். அடிச்ச நம்பரை இன்னொருத்தி வந்து சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? அம்பது பேர்ல யாரோ ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல? ஒரு நம்பர் ஒரு தடவைதான். உனக்குத் தெரியாததா?"

இந்த முறை அந்தச் சொல் தம்பி சொன்ன மாதிரி வந்து விழவில்லை. ஏனென்றால் அவளுக்கு உண்மையாகவே தெரியும்.

சின்ன வயதில் பள்ளி லீவு முழுக்க அவள் மாமாவின் கேட் அறையில்தான் கிடப்பாள். ஒரு மேஜை, ஒரு போன், ஆணியில் தொங்கும் பச்சை சிவப்புக் கொடி, சுவரில் ஒட்டிய தாள். அந்தத் தாளில் வரிசை இல்லாமல் நம்பர்கள் அச்சடித்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். மாமா கேட்டை மூடிவிட்டு அடுத்த நம்பரைச் சொல்வார். ஸ்டேஷன்காரர் எழுதிக்கொள்வார். அந்த நம்பர் போனால்தான் கேட் மூடியதாக அர்த்தம். அங்கிருந்து வரும் உத்தரவுக்கும் அப்படித்தான், நம்பரோடு வந்தால்தான் உத்தரவு. சொல்லி முடித்த நம்பரையும், வந்து சேர்ந்த நம்பரையும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். அந்த வேலை பாப்பாவுடையது. நாற்காலியில் ஏறி நின்று, நாக்கை நீட்டிக்கொண்டு, கோடு கோணாமல் அடிப்பாள்.

ஒருநாள் கேட் மூடியிருந்தபோது போன் வந்தது. வண்டி வரவில்லை, முந்தின ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள், கேட்டைத் திற என்று ஒரு தூக்கக் குரல். கூடவே ஒரு நம்பர். அது காலையிலேயே வந்து, பாப்பாவே அடித்த நம்பர். மாமா போனை வைத்துவிட்டார். திறக்கவில்லை. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. லாரிக்காரர்கள் அவர் குலத்தையே இழுத்துத் திட்டினார்கள். ஒருவர் கல்லை எடுத்தார். மாமா கேட் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு சரக்கு வண்டி, ஊதிக்கூட எச்சரிக்காமல், தடதடவென்று போயிற்று. கல்லை எடுத்தவர் அதைக் கீழே போட்ட சத்தம் பாப்பாவுக்கு இன்றைக்கும் கேட்கும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான். காலர் தைத்துத் தைத்து, ஒரு கட்டுக்கு ஒரு நம்பர் என்பதுதான் உலகம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. மாமாவைத் துணிக் கட்டாக்கி அனுப்பியிருக்கிறாள்.

"தப்பு என்னோடதுதான் மாமா" என்றாள்.

"தப்புன்னு யாரு சொன்னா? உனக்கு நம்பர் கொடுக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்றார் பெருந்தன்மையாக. "இப்பச் சொல்லு. எழுதிக்க முடியாது. மனசுல வாங்கிக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தாள். நூல் கண்டுகளுக்குக் கீழே நிறத்துக்கு ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. "எம்பத்திமூணு. இது அங்க ஏத்திவிடறவங்களுக்கு. பத்தொம்பது. இது மலையடி ஸ்டாண்டுல வர்றவங்களுக்கு. அம்பத்தாறு. கடைசி பஸ் கண்டக்டருக்கு."

"எம்பத்திமூணு. பத்தொம்பது. அம்பத்தாறு." திருப்பிச் சொன்னது எழுபத்தெட்டு வயசுக் கிழவரின் குரல் இல்லை. கேட் அறையின் குரல். "சரி. போனை அந்த அம்மாகிட்ட கொடுக்கறேன். பாவம், நல்ல அம்மா. தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லு."

மைக் அம்மாள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "எங்க ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு இந்த புத்தி இருந்தா பெட்டி திருட்டே இருக்காது" என்றாள். "ஒரு மணிக்கு ஒரு வண்டி இருக்கு. ஆனா அது மலையடி போய்ச் சேர ஏழாயிடும். ஆறு மணி வண்டி போயிருக்கும். அடுத்தது எட்டரைக்குத்தான். அது உங்க ஊருக்கு வர காலையில ஏழரை ஆகும். பரவாயில்லையா?"

"எட்டுக்குள்ள வந்தாப் போதும்."

"வரும். ஆனா அதுல சீட்டு இருக்காதேம்மா. ரயில் கூட்டம் மொத்தமும் அதுலதான்." ஒரு இருமல். "அங்க மைக்ல இருக்கிறது என் நாத்தனார். ரெண்டு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. ஒரு குக்கர் விஷயம், விடுங்க. உங்க மாமாவுக்காக இன்னைக்குப் பேசித் தொலைக்கறேன்."

விசில் ஊதிவிட்டது. சாப்பாட்டு நேரம் போயே போயிற்று. காலர் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குப் பக்கத்தில் நின்றாள். வைக்க மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு போகத் தைரியம் இல்லை. விசில் வந்தார்.

"என்னக்கா, ஊதினது கேக்கலையா?"

சொன்னாள். நின்றபடியே, முழுசாகக்கூட இல்லை, அங்கங்கே அறுந்த நூல் மாதிரி சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, சட்டைப்பையைத் தட்டினார். "உள்ள போன் போகக்கூடாது. சட்டம் சட்டம்தான். என் பையில போடுங்க. எனக்குச் சட்டம் இல்ல."

ஒரு மணி பத்துக்கு மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் காதருகே வந்து குனிந்தார். "ஏறிட்டாராம். எம்பத்திமூணு சரியாம். என்ன இது, லாட்டரியா?"

"பண்டில் நம்பர் சார்" என்றாள். அதற்கு மேல் விளக்க உடம்பில் தெம்பில்லை. காஜா பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு கவளத்தை உருட்டி, யாரும் பார்க்காதபோது அவள் வாயில் வைத்தாள். அதை மெல்லும்போதுதான் பசிக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்கு மாலைக்குள் எட்டு காலர் பிரித்துத் தைக்கும்படி ஆயிற்று. இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

ஏழரைக்கு வீட்டில் இருந்தபோது ஒரு புதுக் குரல் கூப்பிட்டது. "நான் மலையடி ஸ்டாண்டு. எங்க அண்ணி போன் பண்ணாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க பேசின மொத வார்த்தை 'பத்தொம்பது'! எனக்கு என்னமோ சாபம் விடறாங்கன்னு ஆயிடுச்சு." சிரித்தாள். "உங்க மாமா இங்கதான் இருக்காரு. டிரைவருக்குப் பின்னால கண்டக்டர் சீட்டைப் பேசி வெச்சிருக்கேன். கண்டக்டர் நின்னுக்கிட்டே வருவாரு. அம்பத்தாறை அவர் காதுல மட்டும் சொல்லிட்டேன். போதுமா?"

"நீங்க நல்லா இருக்கணும்" என்றாள் காலர் அக்கா. போனை மார்பின் மேல் வைத்தபடி படுத்தாள். அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்களும் யாரையாவது வழியில் வைத்துக்கொண்டு அப்படிப் படுத்திருப்பீர்கள்.

காலை ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் நின்றாள். ஏழேகால். ஏழு இருபது. ஒவ்வொரு பஸ்ஸாக உள்ளே வந்து, ஆட்களைக் கொட்டிவிட்டு நகர்ந்தது. ஏழு இருபத்தெட்டுக்கு, முகமெல்லாம் சேறாக, ஒரு விளக்கு உடைந்து, அந்த பஸ் வந்தது. முதலில் மூட்டைகள் இறங்கின. பிறகு தூங்காத முகங்கள். கடைசியாக, கண்டக்டர் கையைப் பிடிக்க, பொத்தானெல்லாம் போட்ட சட்டையில், படியில் மாமா நின்றார்.

"மாமா" என்று கையைப் பிடித்தாள். அப்போதுதான் உறைத்தது. தனக்கென்று ஒரு நம்பர் வைத்துக்கொள்ளவே இல்லை. "ஐயோ மாமா, எனக்கு நம்பர் இல்லையே."

"உனக்கு எதுக்கு?" என்றார். "அடுத்த டியூட்டிக்கு ஆள் வந்தா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." தோளிலிருந்த பையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். இரண்டடி வைத்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இருபத்தைந்து மணி நேரப் பயணம். அவரும் களைத்துப் போயிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாதித் தூரம் அவளும் கண்டக்டரும் தூக்கின மாதிரிதான் ஆட்டோவுக்குக் கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்திரண்டு. ஜன்னலில் இருந்த பெண் பேர் எழுதி, முத்திரை குத்தி, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். "டாக்டர் லிஸ்டுல சேத்தாச்சு. நம்பர் கூப்பிடும்போது உள்ள வாங்க."

மாமாவின் அந்த ஒரு கண், டாக்டரின் பட்டியலில் ஏறிவிட்டது. காலர் அக்கா அப்படியே அந்த ஜன்னல் பலகையில் தலையைச் சாய்த்துக்கொள்ள ஆசைப்பட்டாள். நகர்ந்து, வெளிச்சத்தில் சீட்டைப் பார்த்தாள்.

எண்பத்துமூன்று.

சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் இருக்கிற ஒலிபெருக்கி அதைச் சத்தமாகச் சொல்லும். மாமா கேட்பார். அடித்த நம்பர். உள்ளே போகமாட்டார். நர்ஸ் கையைப் பிடிப்பாள், மாமா தூணைத் தேடுவார். விளக்கலாம். கேட் அறையிலிருந்து ஆரம்பித்து, சரக்கு வண்டி வரைக்கும். அந்த விளக்கத்தை அவருக்கும் சொல்லி, நர்ஸுக்கும் சொல்லி... அவளால் முடியாது. அவள் பின்னால் அடுத்த சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மீசைக்காரர் வந்தார், கூடவே கண்ணில் பஞ்சு வைத்த ஒரு அம்மாள்.

"அண்ணா, உங்க நம்பர் எம்பத்திநாலுதானே? மாத்திக்கலாமா? நீங்க முன்னாடி போங்க."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "முன்னாடி போறதுக்குத்தானேம்மா எல்லாரும் அடிச்சுக்குவாங்க? என்ன இதுல கோளாறு?"

"கோளாறு நம்பர்ல இல்லண்ணா. எங்க குடும்பத்துல."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் முன்னால் போகிற சீட்டை யார் வேண்டாம் என்பார்கள்? மாற்றிக்கொண்டார்.

நீல நாற்காலி வரிசையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டார். "என்ன நம்பர் கொடுத்தாங்க?"

"எம்பத்திநாலு மாமா."

உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். தாளில் விரல் ஓட்டுகிற மாதிரி பெருவிரல் முழங்காலின் மேல் நகர்ந்தது. "நாப்பத்தேழு, எம்பத்திமூணு, பத்தொம்பது, அம்பத்தாறு... ம். புது நம்பர்தான். கூப்பிட்டா எழுப்பு" என்றார். அடுத்த நிமிஷம் அவர் தலை அவள் தோளில் விழுந்தது. பஸ் புழுதியும் எண்ணெயும் கலந்த வாசம்.

அவளுக்கும் கண் செருகிற்று. இமையை விரலால் தூக்கிப் பிடித்தாலும் நிற்காது போலிருந்தது. பையில் கையை விட்டுக் காலர் அட்டையை எடுத்து, அதன் கூரான முனையை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள். ஒலிபெருக்கி இருமிவிட்டு, "முப்பத்தொன்று" என்றது. காலர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த நம்பருக்குக் காதைக் கொடுத்தாள்.